பெயர் எழுதாத கதிரை

"நீ எழுதினா ஒண்டில் அவையளைக் கெட்ட சனமாக்குவாய், இல்லாட்டி அப்பாவைக் கெட்டவராக்குவாய். ரெண்டும் பிழை. உன்னால ஏலாது, விடடி."

அக்கா இதைச் சொன்னது ஷ்லீரனில், அவளுடைய வீட்டு வாசலில், வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு. குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அந்தக் கோடையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன்.

"ஏன் ஏலாது? நான் படிச்சனான்."

"அதாலதான் சொல்றன்."

நான் படித்தவள்தான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய் முடித்த முதல் ஆள். அப்பா மன்னாரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போனவர். அம்மா அதற்கும் முன்னரே தம்பிமாரைத் தூக்கி வைத்திருக்க நிறுத்தப்பட்டவள். வின்டர்தூரில் ஒரு பள்ளியில் இன்று நான் பிரெஞ்சு கற்பிக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்படிச் சொல்வதற்கே கூச்சப்பட வேண்டும் என்று நம்பும் சனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னோடு இந்த நாட்டில் வளர்ந்த உங்களுக்காக எழுதுகிறேன். புதன் பின்னேரம் மற்றப் பிள்ளைகள் விளையாடப் போக, நாங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் குறிலும் நெடிலும் எழுதிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் கடிதங்களை அப்பாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினோம். பெற்றோர் எங்களைப் பற்றி எடுத்த முடிவுகளை அவர்களுக்கே மொழிபெயர்த்தும் கொடுத்தோம். ஆகவே உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பிரெஞ்சு பேசும் மலை நகரமான லா ஷோ-து-ஃபோனில் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இறங்கி, இன்னும் மேலே நடந்தால் ஒரு பண்ணை வீடு. அதன் மேல்தட்டில் இருந்தோம். கீழே சூடேற்றினால்தான் மேலே சூடு வரும். அதனால் வாடகை குறைவு. அப்பா நகரத்தில் கைக்கடிகாரக் கூடுகளைப் பொலிஷ் பண்ணும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நகக் கணுக்களில் கருப்பு ஏறியிருக்கும். முள்ளும் முகமும் பூட்டிய ஒரு முழுக் கடிகாரத்தை அவர் அந்தத் தொழிற்சாலையில் ஒருநாளும் கண்டதில்லை.

கீழ்த்தட்டில் வீட்டுக்காரர் இருந்தார். அவர் தச்சர். ஊரில் தச்சரை ஓடாவி என்பதால் அப்பா அவரை ஓடாவியார் என்றார். பிறகு நாங்கள் எல்லோரும் அப்படியே அழைத்தோம். அவருக்கு அது தன்னுடைய தமிழ்ப் பெயர் என்று எண்ணம். வீட்டில் அவரும் மனைவியும் கலியாணம் முடிக்காத ஒரு மகளும். வீட்டோடு ஒட்டினாற்போல் பட்டறை.

அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காதவர்கள். வளர்ந்து, யோசித்து, தானாகக் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பார்கள். அதற்காகவே முன்னொரு காலத்தில் பேர்ன் பக்கத்தில் இருந்து துரத்தப்பட்டு, வேறு யாரும் விரும்பாத இந்தக் குளிர் மேட்டுக்கு ஏறி வந்தவர்களின் பிள்ளைகள். சுற்றிலும் எல்லோரும் பிரெஞ்சு பேச, வீட்டுக்குள் மட்டும் இன்னும் பேர்ன் பக்கத்து ஜெர்மன். இந்தக் கதையைக் கேட்டதும் அப்பாவுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

"அகதியள்தான், எங்களை மாதிரி," என்றார் அம்மாவிடம். "கொஞ்சம் முந்தி வந்திட்டினம், அவ்வளவுதான்."

அம்மாவுக்கு உடனே பிடிக்கவில்லை. காரணம் மாதா. எங்கள் மாதா சொரூபம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருந்தது. அதற்கு ஒரு கூடு செய்து தரச் சொல்லி அம்மா கேட்டாள். மேலே ஒரு வளைவு, வளைவில் பூ, உச்சியில் சிலுவை. ஓடாவியார் நெடுநேரம் தாடியைத் தடவினார். அவர்களுக்குச் சொரூபம் இல்லை, படம் இல்லை, கோவில் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு சின்னச் சுவர் அலுமாரியைக் கொண்டுவந்து மாட்டினார். வளைவில்லை, பூவில்லை.

"நான் அலுமாரிதான் செய்வேன்," என்றார். "உள்ளே வைப்பது உங்கள் விஷயம்."

அக்கா மொழிபெயர்த்தாள். அம்மா மூக்கைச் சுளித்தாள். ஆனால் கதவைத் திறந்து மூடினாள். பிறகு இன்னொரு தரம் திறந்து மூடினாள். சத்தமே இல்லை. மரம் மரத்துக்குள் போவதுபோல் இல்லாமல், மூச்சு உள்ளே போவதுபோல் இருந்தது. அன்று முழுக்க மாதா உள்ளேயும் வெளியேயும் இருந்தார்.

அந்தப் பட்டறையின் வாசனை எனக்கு இப்போதும் திடீரென்று வரும். பசை, ஈரமான பீச் மரம், மரச்சீவல், மூலையில் கொதிக்கும் கோப்பி. அக்காவும் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்போம். ஓடாவியார் மேசையின் கீழ்ப்பக்கத்தையும் மேல்பக்கத்தைப் போலவே சீவுளி போட்டு இழைப்பார். யாரும் பார்க்காத இடத்தை ஏன் இழைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"மேசைக்குக் கீழே பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தொடுவார்கள்," என்றார்.

செய்து முடித்த எதிலும் அவர் பெயரில்லை. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து, ஒரு சின்ன முத்திரை மட்டும் குத்தித் தாருங்கள், இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்றார். ஓடாவியார் சிரித்துவிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மரத்தை ஒருவர் அறுக்கிறார், ஒருவர் இழைக்கிறார், ஒருவர் பசை வைக்கிறார், இதில் யாருடைய பெயரை எழுதுவது என்பது அவர் கணக்கு. பெயர் எழுதுவது பெருமை. பெருமை அவர்களிடம் களவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாவம்.

நானோ அந்த வயதில் என் பென்சில், என் பை, என் சப்பாத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் என் யோகட் எல்லாவற்றிலும் பெயர் எழுதி வைத்திருந்தவள்.

அந்தக் கோடை தொடங்கும்போது அக்கா கட்டாயப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்நிலைப் பள்ளியான லிசேயில் இடம் கிடைத்துவிட்டது. அவளுடைய கணக்கு ஆசிரியர் வீட்டுக்கே தொலைபேசி எடுத்து, இவளை எப்படியும் படிக்க விடுங்கள் என்று சொன்னார். அக்கா அதை அப்பாவுக்கு மொழிபெயர்த்தபோது தன்னைப் பற்றிய பாதியை விட்டுவிட்டாள். கூச்சம். மீதிப் பாதியை நான்தான் சொன்னேன்.

அப்போதுதான் அமெரிக்கக்காரர் வந்தார்கள். ஒரு தகப்பனும் மகளும். இந்த மேட்டில் இருந்து மிகப் பழைய காலத்தில் கப்பலேறிப் போன ஆமிஷ் சனத்தின் வழி. கார் வைத்திருக்காத, வீட்டில் மின்சாரம் இழுக்காத ஆட்கள். விமானத்தில் ஏறாமல் கப்பலில் வந்திருந்தார்கள், முன்னோர் இருந்த இடத்தைப் பார்க்க. ஓடாவியாருக்குத் தூரத்துச் சொந்தம். ஓடாவியாருக்கோ காரும் இருந்தது, பட்டறையில் மின்சார வாளும் இருந்தது. அவருடைய பிள்ளைகள் எல்லோரும் எங்களைப் போலவே பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனால் அப்பாவின் கண்ணில் அந்த வித்தியாசம் படவேயில்லை. தொப்பி, தாடி, நீளப் பாவாடை, ஒரே மாதிரியான பழைய ஜெர்மன். எல்லாம் ஒரே சனம்.

மகளுக்கு அக்காவின் வயது. வந்த அன்றே வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்குப் போய்விட்டாள். தைப்பாள், பாண் சுடுவாள், உளி பிடிப்பாள். அக்காவுக்கும் அவளுக்கும் உடனே ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட ஜெர்மனும் ஓடாவியார் வீட்டு ஜெர்மனும் கலந்து ஏதோ கதைப்பார்கள். அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்திருந்தாள். அவர்களில் எல்லோரும் அப்படித்தான். அக்கா லிசேக்குப் போகப்போவதைச் சொன்னபோது, அவள் உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்: "எதற்கு? யாரைவிட மேலே போகப்போகிறாய்?"

எனக்குக் கோபம் வந்தது. எல்லாரையும்விட என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றேன். அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அமெரிக்கக்காரர் வந்து சில நாளில் பக்கத்துப் பண்ணையின் களஞ்சியம் எரிந்தது. ஈரமாய் அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொண்டது. மாடுகளை வெளியேற்றிவிட்டார்கள். மற்றதெல்லாம் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அந்த மேட்டுச் சனம் முழுவதும் வந்து இறங்கியது. எங்கிருந்தெல்லாமோ. மரம், வாள், கயிறு, குழந்தைகள், பெரிய பெரிய பானைகளில் சூப். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. யாரும் பேச்சு வைக்கவில்லை.

அப்பாவும் போனார். வின்டர்தூரில் ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்த சித்தப்பா அந்தக் கிழமை லீவில் எங்களிடம் வந்திருந்தார். அப்பா அவரையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சனிக்கிழமையும் வேலையோ? அதுவும் சும்மாவோ?" என்றார் சித்தப்பா. "உனக்கென்ன விசரோ அண்ணை?"

"வந்து மரத்தைப் பிடி."

"மரம் பிடிக்கிறதுக்கோ நான் ரெயின் எடுத்து வந்தனான்?"

ஆனாலும் பிடித்தார். அம்மா கொண்டுபோன மீன் ரோல்ஸ் தட்டு, சூப் பானைகளுக்குப் பக்கத்தில் வைத்தவுடன் காலியானது. அமெரிக்கத் தகப்பன் கண்ணில் தண்ணீர் வர வர மூன்றாவதையும் எடுத்தார். பின்னேரம் நாலு பக்கச் சட்டமும் நிமிர்ந்தது. எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் தள்ள, கூரை மரம் ஏறி உட்கார்ந்தது. அந்த வரிசையில், தொப்பிகளுக்கு நடுவே, அப்பாவின் கறுத்த வெறுந்தலை. அவர் சிரித்தார். அப்பா வாய் திறந்து சிரித்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அதைப் படம் எடுக்க சித்தப்பா கமராவைத் தூக்கினார். முகத்தைப் படம் எடுப்பதும் அவர்களுக்குப் பெருமைதான்; ஆமிஷ் தகப்பன் மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டினார். அவர் திரும்ப மற்றவர்களும் மரியாதைக்காகத் திரும்பினார்கள். ஏன் என்று விளங்காமல் அப்பாவும் திரும்பிவிட்டார். அந்தப் படம் நெடுங்காலம் எங்கள் வீட்டில் இருந்தது. முதுகுகள் மட்டும். அதில் எது அப்பா என்று ஒருவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீடு மாறும்போது அது எங்கேயோ போய்விட்டது.

அன்றிரவு சாப்பாட்டில் அப்பா கையால் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "ஒரு ஆளுக்கு ஒண்டு நடந்தா ஊரே எழும்புது. கடிதம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. பாத்தனியோ? இதுதான் வாழ்க்கை."

"ஓம், அவையளுக்கு," என்றார் சித்தப்பா. இரண்டு பியர் உள்ளே போயிருந்தது.

"ஏன் எங்களுக்கு இல்லையோ? நான் இண்டைக்கு அதுக்குள்ளதானே நிண்டனான்?"

"நிண்டனீர், நிண்டனீர். நாளைக்கு உம்மட வீடு எரிஞ்சா ஆர் வருவினமெண்டு பாப்பம்."

"வருவினம்."

"சூப்பு கொண்டு வருவினம் அண்ணை. வீடு கட்ட வருவினமோ?"

"குடிச்சிட்டுக் கதையாதை," என்று அப்பா முடித்துவிட்டார். குடித்தவர் சொன்னதால் அதை யாரும் எடுக்கவில்லை. அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அமெரிக்கக்காரர் புறப்பட்டுப் போன கிழமைதான் அப்பா அந்த முடிவை எடுத்தார். அக்கா லிசேக்குப் போகத் தேவையில்லை. ஓடாவியாருடன் கதைத்துவிட்டார். பட்டறையில் நின்று தொழில் பழகட்டும்.

"அந்தப் பிள்ளையைப் பாத்தனிதானே?" என்று அக்காவிடம் கேட்டார். "உன்ர வயசு. எட்டாம் வகுப்பு. அவளுக்கு என்ன குறை? என்ன தெரியாது? மரியாதை, அடக்கம், கைவேலை. பள்ளிக்கூடம் இதைத் தருமோ?"

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடாவியார் என்ன சொன்னவர்?" என்று அம்மா கேட்டாள்.

"பள்ளிக்கூடம் முடிச்சிட்டு வரலாந்தானே எண்டார். அவர் மரியாதைக்குச் சொல்றார். பிறகு, விருப்பமெண்டா கதவு திறந்துதான் இருக்கு எண்டார்."

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை. அவர்கள் மரியாதைக்கு எதையும் சொல்கிறவர்கள் இல்லை. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. நாங்கள்தான் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே தேநீரை வாங்கிக் குடிக்கிற சனம். அவர் தெளிவாகச் சொன்ன ஒரு வார்த்தையை அப்பா எங்கள் வழக்கத்தில் வைத்துக் கேட்டார்.

அதற்குள் இன்னொன்றும் இருந்தது. அப்பா அதை வாயால் சொல்லவில்லை. நகரத்தில் லிசே. லிசேயில் பெடியள். பேர்னில் யாருடைய மகளோ யாருடனோ போய்விட்டாள் என்று அந்த வருடம் எல்லா வீட்டிலும் கதை. கீழ்த்தட்டில் நீளப் பாவாடை, தலைத்துணி, ஜெபம். படிக்கட்டில் இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. ஒரு தகப்பனுக்கு அதைவிட நிம்மதி என்ன? பெண்பிள்ளையைப் பத்திரமாக வைப்பதற்கு அவர் ஒரு நல்ல அலுமாரியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அக்காவை யாரும் ஏதும் கேட்கவில்லை. "ஓம் அப்பா" என்றாள். அவளுக்குப் பட்டறை பிடிக்கும் என்பதும் உண்மை. அந்த உண்மைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அழுதிருந்தால் அம்மாவாவது கேட்டிருப்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அக்கா முதல்முறை தனியாக ஒரு பொருள் செய்தாள். அறுத்தது, இழைத்தது, பசை வைத்தது எல்லாம் அவள்தான். ஓடாவியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அது எனக்கு, நான் இருந்து படிக்க ஒரு கதிரை. மேசை உயரத்துக்குச் சரியாக இருந்ததால் என் கால் நிலத்தில் படவில்லை. ஆகவே கால் வைக்க ஒரு பலகை. அந்தப் பலகையைக் கழற்றி, வெட்டியிருந்த அடுத்த பள்ளத்தில் சொருகலாம். நான் வளர வளரப் பலகை கீழே இறங்கும்.

"உன்ர பேரை எழுது," என்றேன். நான் ஏற்கெனவே ஆணி எடுத்து வைத்திருந்தேன். "கீழ எழுது. ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்பிடிச் செய்யிறேல்லை."

"அது அவையள். நீ அவையள் இல்லைத்தானே?"

அக்கா ஒரு கை மரச்சீவலை அள்ளி என் தலையில் போட்டாள். சிரித்துக்கொண்டுதான்.

ஏழெட்டு வருடம் அவள் அந்தப் பட்டறையில் நின்றாள். மதியம் அவர்களோடு மேசையில் சாப்பாடு. அவர்கள் மகளுக்குக் கொடுக்கும் கைச்செலவை இவளுக்கும் கொடுத்தார்கள். சம்பளம் என்றில்லை. தொழில் பழகியதற்கான அரச சான்றிதழ், பரீட்சை ஒன்றும் இல்லை. பழகுநர்களை முறைப்படி வைத்துப் பழக்கும் பட்டறை அல்ல அது. அப்பா கேட்கவும் விடவில்லை. "மகளைப் போல வச்சிருக்கினம். அதுக்குள்ள பேப்பர் கேட்டா என்ன நினைப்பினம்?" ஞாயிறு அவர்கள் ஜெபவீட்டுக்குப் போவார்கள், நாங்கள் பூசைக்குப் போவோம். அவர்கள் அவளை ஒருநாளும் தங்கள் பக்கம் அழைக்கவில்லை. தானாகக் கேட்பவருக்குத்தான் அங்கே ஞானஸ்நானம். அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா செத்திருப்பாள்.

என் முறை வந்தபோது அக்காதான் அப்பாவிடம் போனாள். "இவள் போகட்டும் அப்பா. ரெண்டு பேரும் மரம் சீவினா உங்கட கடிதங்களை ஆர் வாசிக்கிறது?" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். ஒரு மகள் நல்ல இடத்தில் இருக்கிறாள், மற்றவளைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் லிசேக்குப் போனேன். கால்பலகை கடைசிப் பள்ளத்துக்கு இறங்கியது.

பிறகு ஓடாவியார் பட்டறையிலேயே விழுந்து இறந்தார். அக்காதான் கண்டாள். வீடும் பட்டறையும் சொந்தக்காரர் ஒருவருக்கு விலைக்குப் போயின. அவருக்குத் தச்சுவேலை தெரியாது. இயந்திரங்கள் விற்கப்பட்டன. ஓடாவியாரின் மகளுக்கு அவர்களுடைய சபை ஒரு கிழமைக்குள் எல்லாம் ஒழுங்கு செய்தது. சபையைச் சேர்ந்த ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, பக்கத்தில் தாயும் மகளும் இருக்க ஒரு வீடு. அந்த வீட்டுக்குக் கூரை மாற்ற ஆட்கள் வந்தார்கள். அப்பாவும் போய் ஓடு ஏற்றினார்.

அக்காவிடமும் வந்தார்கள். ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, ஜாம் போத்தல்கள், பெண்கள் சேர்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. ஒருவர் அவளுடைய கையைப் பிடித்து நெடுநேரம் ஜெபித்தார். சூப்பும் வந்தது. சித்தப்பா சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஒருவரும் கெட்டவரில்லை. இதை எழுதும்போது என் கை வேறுவிதமாக எழுதப் பார்க்கிறது, அக்கா சொன்னதுபோல. ஆனால் உண்மை இதுதான். அவளை யாரும் தள்ளி வைக்கவில்லை. அவள் உள்ளே இருந்ததே இல்லை. அந்த ஆமிஷ் பிள்ளை எட்டாம் வகுப்போடு நிற்கலாம், அவளுக்குப் பின்னால் நிலமும் பட்டறையும் வீடு எழுப்பித் தரும் நூறு கைகளும் இருந்தன. அந்தச் சனத்திடம் இருந்து அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது படிப்பை நிறுத்துவதை மட்டும்தான். மற்றதைக் கொண்டுவர முடியாது. அது கொண்டுவருகிற சாமான் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். "அவளையும் வேலைக்குக் கூப்பிடுவினம்," என்றார். "அவையள் அவசரப்படுற சனமில்லை."

கடைசியில் நாங்கள் ஜெர்மன் பேசும் பக்கத்துக்கு, ஷ்லீரனுக்கு வந்தோம். அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் அக்காவுக்குத் துப்புரவு வேலை எடுத்துக் கொடுத்தார். அக்கா இன்றைக்கும் அதுதான் செய்கிறாள், அலுவலகக் கட்டடங்களில். அவள் பேசும் பழைய பேர்ன் பண்ணை ஜெர்மனைக் கேட்டு அங்கே வேலை செய்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கே பிடித்தாய் இதை, பாலாடைக்கட்டிக்குள் இருந்தோ என்பார்கள். அவளும் சிரிப்பாள். துடைக்கும்போது மேசையின் கீழ்ப்பக்கத்தையும் கையால் தடவிப் பார்ப்பாள். எல்லாம் ஒட்டுப்பலகை என்பாள்.

போன வருடம் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு தொழிலில் பல வருட அனுபவம் உள்ளவர், பழகுநராக இருக்காமலே, நேராகப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுக்கலாம். வேலை செய்ததை நிரூபித்தால் போதும். நான்தான் கடிதம் எழுதினேன், நான்தான் தொழில் ஆலோசனை அலுவலகத்தில் சந்திக்க நேரம் எடுத்தேன். படித்தது எதற்கு?

ஆலோசனை அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள். அக்காவின் பெயரில் வேலைக்கான பதிவு எதுவும் இல்லை என்று கண்டதும், அப்படியானால் வேலை கொடுத்தவரிடமே கேட்போமே என்று, எங்கள் முன்னாலேயே ஓடாவியாரின் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"உங்களிடம் இவர் வேலை செய்தாரா?"

"வேலைக்கா?" கிழவியின் குரல் அப்படியே இருந்தது. "இல்லை, இல்லை. வேலைக்காரியாக நாங்கள் அவளை வைத்ததே இல்லை. எங்கள் மேசையில் சாப்பிட்டவள். எங்கள் மகளைப் போல."

"சம்பளம்?"

"மகளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?"

"அவர் தனியாகச் செய்த தளபாடம் எது என்று சொல்ல முடியுமா?"

"எல்லோரும் சேர்ந்துதானே செய்தோம். யார் எது என்று நாங்கள் பிரிப்பதில்லை." பிறகு, பெருமைப்படாத அந்தக் கிழவி தன்னால் முடிந்த அளவு அழுத்திச் சொன்னாள்: "எழுதிக்கொள்ளுங்கள். மகளைப் போல."

அலுவலகப் பெண் எழுதவில்லை. பேனையை மெல்ல மேசையில் வைத்தாள். குடும்ப உதவி, தொழில் அனுபவமாகக் கணக்கில் வராது என்றாள். இருக்கிற ஒரே வழி, முதலில் இருந்து பழகுநராகச் சேர்வது. நாலு வருடம். எடுக்க ஒரு பட்டறை கிடைத்தால்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

ட்ராம் தரிப்பிடத்தில் சொன்னாள்: "கேட்டனியோ? மகளைப் போலவாம்."

"அதாலதான் எல்லாம் போச்சு."

"போகட்டும்."

"பழகுநராச் சேர் அக்கா. நான் இடம் தேடுறன்."

"பதினாறு வயசுப் பெடியளோட நிண்டு பட்டறை கூட்டுறதோ? கூட்டுறது இப்பவும் கூட்டுறன்தானே." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்பாட்ட இதைச் சொல்லிப்போடாதை. மகளைப் போல எண்டதை மட்டும் சொல்லு."

சொன்னேன். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். "நான் அப்பவே சொன்னனான். நல்ல சனம்."

எனக்கு நம்பிக்கை இருப்பதாக நினைக்காதீர்கள். முப்பது தாண்டிய, முழங்கையில் வலி உள்ள ஒரு துப்புரவுக்காரியைப் பழகுநராக எடுக்கும் பட்டறையை நான் இதுவரை காணவில்லை. கேட்ட இடமெல்லாம் மரியாதையாகவே 'இல்லை' என்றார்கள். அவளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆனால் போன ஞாயிறு, நான் இருந்து படித்த அந்தக் கதிரையைக் கவிழ்த்தேன். அடியில் ஒன்றுமில்லை. வழுவழுவென்று, மேல்பக்கத்தைப் போலவே. பத்து வயதில் ஆணியோடு நின்றதுபோலவே நின்று, இந்த முறை அக்காவைக் கேட்காமல், அவளுடைய முழுப் பெயரையும் பென்சிலால் எழுதினேன். புதன் பின்னேரங்களில் பழகிய எழுத்தில், தமிழில் எழுதினேன்.

திங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் அதைக் காரில் ஏற்றி, வின்டர்தூரில் இன்னும் கேட்டிராத ஒரு தளபாடப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பழகுநர் இடம் இல்லை என்றார். நான் போகவில்லை. அவர் கால்பலகையைக் கழற்றி ஒவ்வொரு பள்ளத்திலும் போட்டுப் பார்த்தார். கதிரையைக் கவிழ்த்து அடியைத் தடவினார். விரல் பென்சில் கோட்டில் நின்றது.

"இது என்ன?" என்று கேட்டார்.

நான் வாசித்துக் காட்டினேன். கதிரையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.